வீட்டுக்காரர் குடிவந்தார்

கல்யாணமாகிப் பட்டணத்துக்கு வந்த ஒன்பது வருஷத்தில் நாங்கள் மூன்று வாடகை வீடுகளைப் பார்த்துவிட்டோம். முதலாவது பெரம்பூரில். ரயில்வே பட்டறைச் சங்கு ஊதும்போதெல்லாம் சுவரில் சாய்த்துவைத்த தட்டுகள் நடுங்கும். அது பழகிப்போன சமயத்தில் வீட்டுக்காரருடைய எருமை கன்று போட்டது. கன்றுக்கு இடம் வேண்டும் என்று எங்களைக் காலி செய்யச் சொன்னார். இரண்டாவது வீடு டோல்கேட் பக்கம். அங்கே வீட்டுக்கார அம்மாளுக்கு என் கணவருடைய தும்மல் பிடிக்கவில்லை. "உன் புருசன் தும்முனா என் வூட்டுப் பூன ஓடிப்பூடுது" என்றாள். ஓடிய பூனை ஒரு தடவை திரும்பியே வரவில்லை. அந்த வாரம் நாங்களும் மூட்டை கட்டினோம்.

மூன்றாவது ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால் கடலைப் பார்த்துப் போகும் ஒரு தெருவில். அங்கே வாடகைக்கு ஆறு வருஷம் இருந்தோம்.

என் கணவருக்கு ஹார்பரில் வேலை. கப்பலில் ஏறுகிற, இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளும் குமாஸ்தா. நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். கடலுக்குப் போகிறவர்களுக்குக் கயிறும் வலைநூலும் தாரும் விற்கிற கடை வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. அவரும் அவர் மனைவியும் முன்கட்டில் இருந்தார்கள். பின்கட்டில் இரண்டு அறையும் ஒரு சமையல் சார்ப்பும் எங்களுக்கு. நடுவே முற்றம், கொல்லையில் பொதுக் கிணறு. குடித்தனக்காரர்கள் முன்வாசல் வழியாக வரக் கூடாது, பக்கத்துச் சந்து வழியாகத்தான் வர வேண்டும். ஆறு வருஷத்தில் அந்த வீட்டின் முன்வாசற்படியை நான் ஒருநாளும் மிதித்ததில்லை.

அவருடைய சட்டங்கள் அதோடு முடியவில்லை. விளக்கு வைத்த பிறகு ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டக் கூடாது, தரை அதிரும். விருந்தாளி இரண்டு பேருக்கு மேல் வரக் கூடாது. சந்தில் கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு ஜோடி ஜாஸ்தியா கீதே" என்று முற்றத்திலிருந்தே குரல் கொடுப்பார். ஒருமுறை என் தம்பி ஊரிலிருந்து வந்தபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னேன். அன்று சாயங்காலம், "இன்னாம்மா, கெணத்துல ஒரு கொடம் தண்ணி ஜாஸ்தியா எறைச்ச சத்தம் கேட்டுச்சே?" என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் எங்கள் காலண்டர் அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி தரையில் சுவரோரம் சாய்ந்திருந்தது. என் கணவர் கோரைப்பாயில் கவிழ்ந்து படுத்துக்கொண்டுதான் சவரம் செய்துகொள்வார். மழைக்காலத்தில் எங்கள் படுக்கைக்கு மேலே ஓடு ஒழுகும். போய்ச் சொன்னால், "மழன்னா ஒழுகத்தான் செய்யும். ஒழுகாட்டி அது மழையா?" என்பார். அவர் மனைவி எங்களோடு பேசுவதே இல்லை. கிணற்றடியில் பார்த்தால் வாளியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போவாள்.

இந்த நிலையில்தான் யுத்தம் எங்கள் தெருவுக்கு வந்தது. அதாவது, யுத்தம் வரவில்லை, வரப்போகிறது என்ற செய்தி வந்தது. ஜப்பான்காரனுடைய கப்பல் நம் கடலில் நிற்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ குண்டு போடப்போகிறான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஜனங்கள் கிடைத்த வண்டியில் கிடைத்ததை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். ஆட்டுக்குட்டி போயிற்று, தையல் மிஷின் போயிற்று. எங்கள் தெருமுனைக்காரர் வாசற்கதவையே கழற்றி எடுத்துக்கொண்டு போனார். ஹார்பர் ஆட்கள் மட்டும் ஊரைவிட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. இவர் தினமும் வழக்கம்போல மூட்டை எண்ணப் போய்வந்தார்.

வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. "மொத குண்டு ஆர்பர்ல வுழும். ரெண்டாவது குண்டு குறி தப்பி நம்ம வூட்ல வுழும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். மூன்றாவது குண்டைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. ஒருநாள் காலையில், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டுக்கு வந்தார். இவர் அப்போது கவிழ்ந்து படுத்து சவரம் செய்துகொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு சமாசாரம். இந்த வூட்ட நீயே வாங்கிக்கிறியா?"

இவர் கத்தியை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி, வாடகையைக் கூட்டணும்னா நேராச் சொல்லிருங்க."

"வாடக இல்ல தம்பி. வூடு! முழு வூடு. கெணறு, தென்ன மரம் எல்லாம் சேத்து."

அவர் சொன்ன விலை, சாதாரணக் காலத்தில் அந்த வீட்டின் முன்கதவுக்கும் நிலைக்கும்தான் காணும். இருந்தும் எனக்குப் பயமாக இருந்தது. ஊரே விட்டுவிட்டு ஓடுகிற வீட்டை நாம் போய் வாங்குவதா என்று கேட்டேன். இவர் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு எனக்கு விளக்கினார்.

"ஏட்டி, குண்டு விழுந்தா வீடும் போயிரும், நாமளும் போயிருவோம். நஷ்டம்னு அழறதுக்கு ஆள் இருக்காது. விழலைன்னா வீடு நம்ம வீடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். இவர் ஆபீசில் கொஞ்சம் கடன் வாங்கினார்.

பத்திரம் எழுதுகிறவரும் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிச் சொல்லி எழுதினார். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று உரக்கப் படித்தார். எங்களுக்கு அப்போது புத்திரனும் இல்லை, அடுத்த வாரம் வீடு இருக்குமா என்ற நிச்சயமும் இல்லை.

"நாலு எல்லை சொல்லுங்க. மேற்கே?"

"கொய்யாமரத்து வூடு. ஓடிட்டாங்க."

"தெற்கே?"

"அவங்களும் ஓடிட்டாங்க."

"ஓடினதெல்லாம் எழுத முடியாது. கிழக்கே யாரு?"

வீட்டுக்காரர் இருந்த படபடப்பில், "ஜப்பான்காரன்" என்றார். பத்திரக்காரர் 'ஜ' வரைக்கும் எழுதிவிட்டார். பிறகு அதை அடித்து, கிழக்கே சர்க்கார் ரோடு என்று திருத்தி, ஓரத்தில் கையெழுத்து வாங்கினார். இன்னமும் அந்தப் பத்திரத்தில் அந்த 'ஜ' இருக்கிறது.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் ஊரில் இல்லை. கடைசியில், வீட்டுக்காரருடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு வெளியே காத்திருந்த மாட்டுவண்டிக்காரர் ஒரு சாட்சி. பத்திரக்காரருடைய மூட்டையைத் தூக்க வந்த கூலிக்காரர் இன்னொரு சாட்சி. வண்டிக்காரர் கைநாட்டு வைக்கும்போது, "இன்னா நைனா, எல்லாம் வூட்ட வுட்டு ஓடுது, நீ வூட்ட வாங்கிகினு கீற" என்று இவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பக்கத்து ரிஜிஸ்தர் ஆபீசில் பத்திரத்தைப் பதிந்து முடித்ததும், வீட்டுக்காரரும் அவர் மனைவியும் அங்கிருந்தே பொன்னேரிப் பக்கம், மனைவியின் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வண்டி பத்தடி போனதும் அவர் நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார். சாவியைக் கொடுக்க மறந்துவிட்டார் போலும் என்று நினைத்தேன்.

"தம்பி, ஆணி கீணி அட்சிடாத" என்றார்.

"சரிங்க அண்ணாச்சி" என்றார் வீட்டுக்குச் சொந்தக்காரராகிவிட்ட என் கணவர்.

பால் காய்ச்சாமல் சொந்த வீட்டில் இருக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டுக்கு எப்படிப் புதிதாகக் குடிபோவது? முதலில் காலி செய்து வெளியே வருவோம், பிறகு உள்ளே போவோம் என்று முடிவு செய்தோம். நல்ல நாள் பார்த்து, பாய், அரிசி டப்பா, அம்மிக்குழவி, கண்ணாடி, காலண்டர் எல்லாவற்றையும் தெருவில் கொண்டுவந்து வைத்தோம். முன்வாசல் வழியாக உள்ளே போக வேண்டும் என்பது என் பிடிவாதம். பால்காரர் மாடுகளோடு ஊரைவிட்டுப் போயிருந்தார். கப்பல்காரர் ஒருவரிடமிருந்து இவர் ஒரு டப்பாப் பால் வாங்கி வந்திருந்தார்.

எங்கள் வீட்டு வழக்கப்படி, நிறைகுடம் எடுத்தவள் வாசற்படியைத் தாண்டும்வரை வாய் திறக்கக் கூடாது. நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். இவர் உள்ளே விளக்கேற்றப் போயிருந்தார். அப்போது எதிர்வீட்டு வெல்ல மண்டிக்காரர் வெளியே வந்தார். எங்கள் தெருவில் ஓடாமல் இருந்த ஒரே ஆள் அவர். "வர்ரது வரட்டும்" என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தவர். தெருவில் கிடந்த சாமான்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாம்மா, நீங்களும் கெளம்பிட்டீங்களா?"

நான் பேச முடியாமல் தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். இடுப்பில் குடம் இருந்ததால் அது எந்தப் பக்கம் போயிற்றோ.

"ஆர்பர்ல எதுனா சேதி வந்துச்சா?"

மறுபடியும் ஆட்டினேன்.

"இன்னிக்கேவா?"

என்ன செய்வதென்று தெரியாமல் கையால் வீட்டைக் காட்டினேன். அவர் வீட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ஆர்பர்காரரே போறார்னா சமாசாரம் கீது!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். நான் படியேறிக் குடத்தை இறக்கிவிட்டு, பேச்சு வந்து, விஷயத்தைச் சொல்லத் திரும்பி ஓடிவந்தபோது அவர் வீட்டில் மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. "நல்ல வேள, நீ சொன்ன" என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மத்தியானத்துக்குள் அவர்கள் போய்விட்டார்கள். போகும்போது பாதி மூட்டை வெல்லத்தை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள், வழியில் சாப்பிட.

டப்பாப் பால் பொங்கவே இல்லை. கொப்புளம் விட்டது, நிறம் மாறியது, அடிபிடித்தது. தண்ணீர் ஊற்றி, ஊதி, கடைசியில் ஒரு பக்கமாகப் பாத்திரத்தைச் சாய்த்து, பொங்கிவிட்டது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

இப்படியாக எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. கிட்டத்தட்ட ஒரு தெருவே கிடைத்தது. ஆனால் முன்கட்டுக்குக் குடிபோக எங்களால் முடியவில்லை. இரண்டு நாள் பாயை அங்கே விரித்துப் பார்த்தோம். யாரோ வந்து எழுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோலவே இருந்தது. மூன்றாம் நாள் பின்கட்டுக்குத் திரும்பிவிட்டோம். சாயங்காலம் முன்கட்டுக்குப் போய், வீடு பார்க்க வந்தவர்கள்போல ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு வருவோம். நான் கடைக்குப் போய்வந்தால் கால் தானாகச் சந்துக்குள் திரும்பும். இவர் ஒருநாள் துணிந்து ஆணி வாங்கிவந்தார். நான் காலண்டரைப் பிடித்துக்கொண்டேன். சுத்தியலை ஓங்கினார், இறக்கினார், முற்றத்தை எட்டிப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து முன்கட்டுச் சுவரில் ஒரே ஒரு ஆணி இறங்கியது. அதுவும் கோணலாக.

வெயில்காலம் போயிற்று. குண்டு விழவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பி வரத் தொடங்கினார்கள். முனைவீட்டுக்காரர் கதவோடு வந்தார். வெல்ல மண்டிக்காரர் மட்டும் வெகுநாள் எங்களோடு பேசவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை. நான் முன்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். திறந்திருந்த கதவு வழியாக வீட்டுக்காரர் உள்ளே வந்தார். பின்னால் அவர் மனைவி ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். எப்போதும் உட்காரும் தூணோரம் போய் உட்கார்ந்து, "தண்ணி குடு பொண்ணு" என்றார். சொம்பைக் கையில் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் கண் சுவரில் நின்றது. "அது இன்னாது?"

"ஆணி."

"யாரு அட்சது?"

"நாங்கதான்."

எழுந்து போய் அதை விரலால் அசைத்துப் பார்த்தார். "கோணலா கீது" என்றார்.

அதற்குள் சத்தம் கேட்டு இவர் வந்தார். வீட்டுக்காரர் இவரை, ஏதோ இவர் செய்த தப்புபோல, கோபமாகப் பார்த்தார்.

"குண்டு வுழலியாமே?"

"இல்ல அண்ணாச்சி."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட விழல."

"அப்ப நான் எதுக்குய்யா போனேன்?"

அவரே சொல்லத் தொடங்கினார். மச்சான் வீட்டில் ஒரு மூலையைக் காட்டி அங்கேயே இருக்கச் சொன்னார்களாம். இருமினால் குழந்தை முழித்துக்கொள்ளும் என்றார்களாம். எத்தனை தடவை கிணற்றடிக்குப் போகிறார் என்று எண்ணினார்களாம். "மனுசன் கெணத்தடிக்குப் போறத எண்ணுவாங்களா தம்பி? ஒரே பேஜாரு" என்றார். நான் இவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டேன்.

பிறகு கேட்டார், "வூட்ட திருப்பிக் குட்துடு. நீ குட்த துட்ட அப்படியே வெச்சிகீறேன்."

"பத்திரம் பதிஞ்சாச்சே அண்ணாச்சி" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் அந்த அம்மாள் பேசினாள். ஆறு வருஷத்தில் நான் கேட்ட முதல் முழுப்பேச்சு. "நீ சும்மா குந்துய்யா. வித்தது வித்ததுதான். ஓடுனது நீயி, அவங்களா உன்ன ஓடச் சொன்னாங்க?" என்று புருஷனை அடக்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "தம்பி, வாடகைக்கு எடம் கீதான்னுதான் கேட்டு வந்தோம்."

இவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். பின்கட்டில் நாங்கள் இருந்தோம். அங்கேதான் எங்கள் அடுப்பு, பாய், டப்பா எல்லாம்.

"முன்கட்டு சும்மாத்தான் கிடக்கு" என்றார் இவர்.

இப்படி, வீட்டை வாங்கிய ஆறாவது மாதத்தில், வீட்டுக்காரர் முன்கட்டிலும் நாங்கள் பின்கட்டிலும் ஆனோம். நான் மறுபடியும் சந்து வழியாக வரத் தொடங்கினேன். யாரும் சொல்லவில்லை, அவர்கள் குடியிருக்கிற இடத்தின் நடுவே நடந்து போவது மரியாதையாக இல்லை.

வாடகை பேசும்போது அவரே, "சட்டம் இன்னா?" என்று கேட்டார். இவருக்குப் புரியவில்லை.

"சட்டம் போடலன்னா குடித்தனக்காரன் தலமேல ஏறிக் குந்துவான் தம்பி. ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லு."

"ஆணி அடிக்கக் கூடாது" என்றார் இவர்.

"சத்தமா சொல்லு. பயம் வரணும்."

இவர் சத்தமாகச் சொன்னார். அவர் பணிவாகத் தலையசைத்து, "சரிங்க" என்றார். முதல் தேதி வந்ததும், பழக்கத்தில், இவர் வாடகைப் பணத்தை மடித்து எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குக் கிளம்பினார். அதே நேரம் அவர் பணத்தோடு இந்தப் பக்கம் வந்தார். இருவரும் முற்றத்தின் நடுவே சந்தித்து, பணம் நீட்டிய கையோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சார்ப்பிலிருந்து, "உங்க கையை மடக்குங்க!" என்று கத்த வேண்டியதாயிற்று.

ஆனால் அவருடைய குரல் போகவில்லை. குடித்தனக்காரராகவும் வீட்டுக்காரராகவும் அவர் ஒருவரே இருந்தார். சந்தில் செருப்பை எண்ணினார். வாளிச் சத்தத்தை எண்ணினார். நாங்களும் பேசாமல் இருந்தோம். ஒருநாள் சாயங்காலம், மறுநாள் இட்டிலிக்கு ஊறவைத்த உளுந்து புளித்துவிடும்போல இருந்தது. விளக்கு வைத்தாயிற்று. எனக்கு என்ன வந்ததோ, ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து குழவியைச் சுற்றினேன்.

"யார்மா அது, வெளக்கு வெச்சப்புறம்?" என்று முன்கட்டிலிருந்து கேட்டது.

நான் குழவியை நிறுத்தவில்லை. "வீட்டுக்காரி!" என்றேன்.

முன்கட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள்தான். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு பாத்திரத்தில் ஊறவைத்த அரிசியோடு முற்றத்தைத் தாண்டி வந்து என் எதிரே குந்தினாள். "இருபது வருசமா எனக்கும் அதே சட்டந்தான். தள்ளு, நானும் ஆட்டிக்கிறேன்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அவள் அக்கா.

ஐப்பசி மழையில் ஒரு தேங்காய் விழுந்து முன்கட்டு ஓடு உடைந்தது. அவர் படுக்கைமேலேயே ஒழுகியது. குடித்தனக்காரர் என்ற முறையில் தினமும் காலையில் வந்து புகார் சொன்னார். மூன்றாம் நாள், ஹார்பருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த என் கணவர், "மழைன்னா ஒழுகத்தான் செய்யும் அண்ணாச்சி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் வாயிலிருந்தா? இவரும் தான் சொன்னதைக் கேட்டு நின்றுவிட்டார். வீட்டுக்காரர் மட்டும் சந்தோஷப்பட்டார். "இப்பத்தான் நீ வூட்டுக்காரன்" என்று தோளில் தட்டிவிட்டு, ஒழுகுகிற இடத்துக்குத் திரும்பிப் போனார். அக்கா ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

நான் இவரைக் கேட்காமலே ஓடு மாற்றுகிற ஆளைக் கூட்டிவந்தேன். வீட்டுக்காரர் ஏணி பிடிக்கிறேன் என்று ஆரம்பித்து, கூரைமேல் ஏறிவிட்டார். அந்த ஆளை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. "மெதுவா வையி, அது எங்க நைனா காலத்து ஓடு" என்றார். முன்கட்டு முடிந்ததும் நேராகப் பின்கட்டுக் கூரைக்கு நடந்து, எங்கள் படுக்கைக்கு மேலே சரியாக ஒரு ஓட்டைத் தொட்டுக் காட்டினார். "இத்தையும் மாத்து. வருசக்கணக்கா ஒழுகுது."

நான் கீழேயிருந்து கேட்டேன். "தெரிஞ்சிருந்துமா ஆறு வருஷம் விட்டீங்க?"

"கேட்டவொடனே செஞ்சிட்டா மதிப்பு கீதாம்மா?" என்றார் மேலேயிருந்து. கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த நியாயம் அது.

அதன் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். பிரசவம் பின்கட்டு அறையில்தான் நடந்தது. அக்கா என் கூடவே இருந்தாள். அவர் தெருவில் நின்றுகொண்டு, போகிற வண்டிக்காரர்களையெல்லாம் மணி அடிக்கக் கூடாது என்று அதட்டினாராம். இடையில் இரண்டு தடவை முன்கட்டுக்கு மாறிவிடலாமா என்று இவர் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். அடுப்பு இந்தப் பக்கம் நன்றாக எரிகிறது என்று காரணம் சொன்னேன்.

ஒரு மாசி மாதம் அவர் இறந்துபோனார். காலையில் கடைக்குக் கிளம்பி, மேல்துண்டை எடுக்கக் குனிந்தவர் அப்படியே தூணோரம் சாய்ந்துவிட்டார். காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் அவருடைய சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். தெரு நிறைந்துவிட்டது. "சொந்தமா ஒரு வூட்ட நிறுத்திட்டுப் போய்க்கீறாரே மகராசன்" என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழவி சொம்பை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ யாருமா? இங்க குடித்தனமா?"

பக்கத்தில் என் கணவர் நின்றிருந்தார்.

"ஆமா, பின்கட்டுல இருக்கோம்" என்றேன். அந்த இடத்தில் வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. சொன்னது பொய்யும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பும்போது, அவர்களில் மூத்தவர் ஒருவர் இவரைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "தம்பி, அது ஒண்டியா கீது. புள்ள குட்டி கெடையாது. மாசாமாசம் வாடகைய ஒழுங்கா அது கையில குட்துடு, இன்னா?"

"சரிங்க" என்றார் இவர்.

அடுத்த முதல் தேதி, சம்பளம் வாங்கி வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் முன்கட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அக்கா தூணோரம் என் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இவர் நீட்டியதை வாங்கி, என்ன ஏது என்று கேட்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிகினு கீது" என்றாள் என்னைப் பார்த்து. "ரெண்டு நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பாத."